பேர் வெட்டாத தம்ளர்

உத்திரமேரூர்,
14-6-1987

அன்புத் தம்பி வேதாசலத்துக்கு அக்கா கனகா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ சுகமா என்று நான் கேட்டு, நீ பதில் போடுவதற்குள் உனக்கு ஒரு காய்ச்சல் வந்து தானாகவே போய்விடும். பெங்களூரில் தபால் கார்டே விற்பதில்லை போலிருக்கிறது. சரி, திட்டினது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கம்ப்யூட்டரில் அடித்து நீ அனுப்பின பிரெயில் புள்ளித் தாள் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை மடிக்காமல் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு அனுப்பினாயே, அது நல்ல வேலை. ஆனாலும் நம்ம தபால் ஆபீசில் முத்திரை போடுகிற மகராசன் ஓங்கி ஒரு குத்து விட்டு ஓரத்துப் புள்ளிகளை எல்லாம் நசுக்கிவிட்டார். செல்லாயி விரல் அந்த இடத்துக்குப் போனதும், இங்க ஒரு பள்ளம் கீதுக்கா, இது எந்த எழுத்து, உங்க தம்பி புதுசா கண்டுபுடிச்சதா என்று கேட்டாளே பார்க்கலாம். நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நீ சொன்னபடியே வரிவரியாகப் பார்த்தோம். அவள் தடவி வாய்விட்டுப் படிப்பாள், நான் டைப் அடித்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பேன். கொம்பு விவகாரம் தீர்ந்துவிட்டது. டைப்ரைட்டரில் நாம் கொம்பை முதலில் அடிக்கிறோம், நீயும் நான் கற்றுக்கொடுத்த அதே வரிசையில்தான் கம்ப்யூட்டரில் அடிக்கிறாய். அதனால் போன தாளில் 'கொடி' எல்லாம் 'எகாடி' ஆகிக் கிடந்தது. பிரெயிலில் 'க' முதலில், கொம்பு அப்புறம். இப்போது உன் புரோகிராம் அதைச் சரியாகத் திருப்பிப் போடுகிறது. பரவால்லக்கா, மிஷினு ஒண்ணாங்கிளாசு பாஸ் பண்ணிச்சி என்றாள் செல்லாயி. அவள் பாராட்டினால் லேசில்லை. கண் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், வாத்தியார்களையே மிரட்டியிருப்பாள்.

ஆனால் புதுசாக ஒரு கூத்து. ஆவணியில் மெட்ராசில் பெரியவர்கள் முன்னால் நீ இந்தப் புரோகிராமைக் காட்டும்போது, செல்லாயி மேடையில் தடவிப் படிக்க ஒரு வாசகம் எழுதித்தரச் சொன்னாய் அல்லவா? நான் ரொம்ப யோசித்து எழுதினேன். அதில் ரெண்டு வரி உனக்கு ஞாபகம் இருக்கும். 'செல்லாயி எங்கள் வீட்டுப் பெண்ணைப் போல. அவரை நாங்கள் கௌரவமாக நடத்துகிறோம்.' நம்ம குடும்பத்துக்கும் சபையில் ஒரு பேர் இருக்கட்டுமே என்று போட்டேன். ரெண்டாவது வரிக்கு வந்ததும் செல்லாயி விரல் நின்றுவிட்டது. திரும்பத் தடவினாள். கெ, ள, ர, வ, மா, க என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, இது இன்னாக்கா கெளரவம், கெளுத்தி மீனுக்குத் தங்கச்சியா என்றாள்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டைப்ரைட்டரில் 'கௌ'வுக்குத் தனிச் சாவி ஏது? கொம்பு, க, ள என்று மூன்றையும் அடிக்கிறோம். கண்ணால் பார்க்கிறவனுக்கு அது 'கௌ'. உன் கம்ப்யூட்டருக்கு அந்த 'ள' வெறும் 'ள'தான். இதற்கு ஒரு வழி பண்ணு. மேடையில் அவள் கெளரவம் என்று படித்து வைத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள், காரியம் கெட்டுவிடும். அவர்கள் ஒத்துக்கொண்டால்தானே கம்ப்யூட்டரில் தமிழ்ப் புள்ளிப் புத்தகம் அடிக்க ஆரம்பிப்பார்கள், செல்லாயிக்கும் அங்கேயே பிழை பார்க்கிற வேலை கிடைக்கும்? அந்த வேலை மேல் அவள் உயிரையே வைத்திருக்கிறாள். சும்மா இருக்கும்போதுகூட மெட்ராஸ் ஆஸ்டல் சோறு எப்படி இருக்கும் என்றுதான் பேச்சு.

இன்னொரு வேடிக்கை. அன்றைக்குத் தாளைத் தேடி மேஜையில் கை துழாவினவள் என் டீத் தம்ளரைத் தொட்டுவிட்டாள். விளிம்புக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு, அக்கா, உங்க வூட்டுத் தம்ளரும் புள்ளி வெச்சிப் பேசுது, இன்னா சொல்லுதுன்னுதான் தெரியல என்றாள். அது அப்பா பேர், நம்ம வீட்டு ஏனம் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும், கரண்டியைக்கூட விட்டதில்லை என்று சொன்னேன். எல்லாத்துலயுமா என்றாள். எல்லாவற்றிலும்தான் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுத் தன் டீயைக் குடித்தாள். அப்புறம் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, சிரிப்பு விளையாட்டு ஒன்றும் இல்லை, மீதியை மளமளவென்று படித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

நீ கவலைப்படாதே, அவளை நான் நன்றாகவே கவனித்துக்கொள்கிறேன். திருப்புலிவனம் காலனிப் பெண்ணை நடுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற வீடு இந்தத் தெருவில் வேறு எது, சொல்லு பார்ப்போம். டீச்சர் என்று கூப்பிட்டவளை அக்கா என்று கூப்பிடு என்றதும் நான்தான். அவளுக்கென்று நம்ம தம்ளர் மாதிரியே புது எவர்சில்வர் தம்ளரே வாங்கி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

அம்மாவுக்கு முட்டிவலி. ஏரியில் தண்ணீர் இல்லை, கிணற்றை நம்பிச் சொர்ணவாரி நெல் போட்டிருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ராத்திரியாக அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா கனகா


உத்திரமேரூர்,
12-7-1987

தம்பி வேதாசலத்துக்கு,

தாள் வந்தது. அலமாரி மேல் அப்படியே இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

உன் செல்லாயி வருவதில்லை. போன ஞாயிறும் வரவில்லை, அதற்கு முந்தினதும் வரவில்லை, இன்றைக்கும் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசலைப் பார்த்ததுதான் மிச்சம். ஜுரமோ என்னவோ என்று முதலில் பாவப்பட்டேன். நேற்று அவள் அம்மா மார்த்தாள் நம்ம கொல்லைக்குக் களையெடுக்க வந்தாள். இன்னாடி ஆச்சு உன் பொண்ணுக்கு என்று கேட்டேன். குனிந்த தலை நிமிராமல், அதுக்கு வர இஸ்டமில்லீங்கம்மா என்றாள். ஏன் என்று கேட்டால், தெரியலீங்கம்மா, கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது என்கிறாள். அவ்வளவுதான் பதில்.

எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். இந்த வயசு வரைக்கும் நான் யாருக்கும் காத்திருந்ததில்லை. நாற்காலி போட்டு, டீ போட்டு, பொரி உருண்டை முதற்கொண்டு வாங்கி வைத்து, எனக்கு என்ன தலையெழுத்து? இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று அம்மா சொல்கிறாள். நான் அதை ஒத்துக்கொள்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இப்போது ஒத்துக்கொள்ளலாமா என்று இருக்கிறது. மெட்ராசில் வேலை கிடைக்கப் போகிறது என்றதும் தலைக்கனம் ஏறிவிட்டது, வேறென்ன?

காஞ்சிபுரத்தில் பிரெயில் படிக்கத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறானாம், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நாற்காலி பின்னுகிறவன். அவனை வைத்துக்கொள்ளலாமா? ஆவணி கிட்டே வந்துவிட்டது. மேடையில் யார் படித்தால் என்ன, புள்ளி புள்ளிதானே. வாசகத்தில் பேரை மட்டும் மாற்றி அடித்துக்கொள்ளலாம். நீ சரி என்று ஒரு வரி எழுது, நான் ஆள் விட்டுக் கேட்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எனக்கு மனசு சரியில்லை, இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா


உத்திரமேரூர்,
3-8-1987

என் தம்பி வேதாவுக்கு,

நீ எழுதின ஒரு வரி வந்து சேர்ந்தது. சரி என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். நீ வேறு ஒன்றைக் கேட்டு எழுதிவிட்டாய். 'அக்கா, அவளுக்கென்று வாங்கின தம்ளரில் பேர் வெட்டியிருக்கிறதா?'

படித்ததும் முகமெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. தபால்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவர் எதிரில் நிற்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணுகிறாயா என்று நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அப்புறம் அம்மா மேல் பழி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். அதையும் கிழித்தேன். அம்மாவுக்கு இதில் பங்கே இல்லை. அம்மா, அவளை உள்ளே விடாதே என்றுதான் சொன்னாள். அம்மாவை எதிர்த்து உள்ளே விட்டதும் நான், தனித் தம்ளர் வாங்கினதும் நான். யாரும் சொல்லவில்லை. நானே பாத்திரக் கடைக்குப் போய், நம்ம தம்ளரையும் கையோடு கொண்டுபோய், அதே உயரம் அதே கனம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். பேர் வெட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். நம்ம ஏனத்தோடு கலந்துவிடக் கூடாதே, அதற்காக. அது கிணற்றடி மாடத்தில்தான் இருக்கும். அவள் போன பிறகு அதன் மேல் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி அங்கேயே கவிழ்த்து வைப்பேன்.

கண் தெரியாதவள்தானே, அவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன், வேதா. எழுதவே கை கூசுகிறது. விரலால் படிக்கிறவள் என்று தெரிந்துதானே அவளைக் கூப்பிட்டோம்? கரண்டியில்கூடப் பேர் இருக்கும் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேனே, அப்போது அவள் இன்னொரு கையில் பேர் இல்லாத தம்ளர் இருந்தது. மடியில் 'எங்கள் வீட்டுப் பெண்ணைப் போல' என்று நான் எழுதின தாள் இருந்தது. தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று உனக்கு எழுதினேன் பார், அந்த வரியை நினைத்தால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி, தப்புப் பண்ணினோம், சரி பண்ணிவிடுவோம் என்று கிளம்பினேன். உன் அக்கா புத்திசாலி அல்லவா? புதுசாக ஒரு தம்ளர் வாங்கினேன். உன் தாளில் அவள் பேர் வருகிற இடத்தைப் பார்த்து அந்தப் புள்ளிகளை அப்படியே ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு பேர் வெட்டுகிறவரிடம் போனேன். இன்னாம்மா இது, பேரே காணோம், எறும்பு ஊருன மாதிரி கீது என்றார். அப்படியே வெட்டுங்க, ஒரு புள்ளி பிசகக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். செல்லாயி என்று அவள் எழுத்திலேயே அவள் பேர். இதைக் கையில் கொடுத்ததும் அவள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உனக்கு எப்படி எழுதலாம் என்றுகூட பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு போனேன்.

திருப்புலிவனம் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அதைத் தாண்டி இருக்கிற காலனிக்குள் நேற்றுதான் முதல் தடவை கால் வைத்தேன். மாதா கோயில் எதிரில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நான் ஏதோ வேலைக்கு ஆள் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு பெண், மார்த்தா வூட்லதான் கீதுங்கம்மா என்று வழி காட்டினாள்.

செல்லாயி வாசலில் உட்கார்ந்து தன் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். வாங்க டீச்சர் என்றாள். அக்கா இல்லை, டீச்சர். தம்ளரை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

தடவினாள். கொஞ்சம் முழித்தாள். வெட்டினால் புள்ளி உள்பக்கம்தானே புடைக்கும், அந்த யோசனை எனக்கு இல்லை. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, எல்லாம் எடமும் வலமுமா மாறிக் கீது டீச்சர் என்று சொல்லி, அப்படியே மெதுவாக இழுத்து இழுத்துப் படித்து, செல்லாயி என்றாள். சிரித்தாள்கூட. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது அவள் கேட்டாள், எம்பேரு போட்டுக் குடுத்துட்டீங்க, அப்ப இதுவும் எனக்கு மட்டுந்தானா டீச்சர் என்று.

பேர் வெட்டாத தம்ளரும் தனித் தம்ளர், பேர் வெட்டினதும் தனித் தம்ளர். அவ்வளவு தூரம் பேர் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்றேனே, ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் அடுக்கி வைத்திருக்கிற ஒரு தம்ளரை எடுத்து அதில் அவளுக்கு டீ ஊற்றினால் போதும் என்று தோன்றவே இல்லை.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருந்த மார்த்தாளுக்கு இது எதுவும் தெரியாது. வீடு தேடி அம்மா வந்திருக்கிறாங்களே என்று பதறிப்போய், பக்கத்து வீட்டில் பால் வாங்கி, அவசர அவசரமாக டீ போட்டாள். எதில் ஊற்றுவது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தயக்கம். அப்புறம் மகள் மடியில் இருந்த அந்தப் புதுத் தம்ளரை எடுத்துக் கழுவி, அதில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். இது புதுசுதாம்மா, எங்க யாரு வாயும் படல, நீங்க குடிக்கலாம் என்றாள்.

வேதா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் டீ குடிக்கிறதில்லம்மா என்று சொன்னேன்.

நினைத்துச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாரா வாரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவளும் நானும் டீ குடித்திருக்கிறோம். நான் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டு, அக்கா டீ குடிக்கிறது தெருமுனை வரைக்கும் கேக்குது என்று அவளே கிண்டல் பண்ணியிருக்கிறாள். சொன்ன மறுநொடியே, இல்லை, குடு என்று கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. மார்த்தாள் முகம் சுண்டிப் போயிற்று. செல்லாயி மட்டும் சாதாரணமாக, வுடும்மா, டீச்சர் டீ குடிக்க மாட்டாங்களாம் என்று சொல்லிவிட்டு அதை வாங்கித் தானே குடித்தாள். சூடாகக் குடித்து முடித்தாள். எனக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அது எங்கே பிளக்கிறது, நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அவளே கேட்டாள், தாளு கொண்டாந்தீங்களா என்று. பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தாள். கௌரவம் சரியாக வருகிறது. ஆனால் அதைச் சரி பண்ணப் போய் வேறொன்றைக் கெடுத்து வைத்திருக்கிறாய். கொம்பு, ஒரு எழுத்து, பிறகு 'ள' வந்தால் எல்லாவற்றையும் 'ஔ' என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. 'வெளியே' என்று வருகிற இடமெல்லாம் உளறுகிறது. 'வௌ' என்று ஆரம்பித்து அப்புறம் என்னவோ வருகிறது. கௌரவம் வந்துச்சி, வெளியே பூட்ச்சி, ரெண்டும் ஒண்ணா வர மாதிரி பண்ணச் சொல்லுங்க டீச்சர், உங்க தம்பியாண்ட என்றாள். அவள் குத்திக்காட்டிச் சொன்னாளா, வேலையைத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

அவள் மெட்ராசுக்கு வருவாள். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். எனக்காக இல்லை. மடியில் இருந்த அந்தப் புத்தகத்தை என் கையைப் பிடித்துத் தடவக் கொடுத்தாள். புள்ளியெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. இத்த படிக்கிறதே இல்ல டீச்சர், மனப்பாடமா ஒப்பிச்சிக்கினு கீறேன், எனக்குப் புதுப் புக்கு வேணும், அந்த மிஷினு வேணும் என்றாள். உங்க வூட்டுக்கு வர மாட்டேன், தாளு வந்தா இங்க எடுத்துக்கினு வாங்க, படிச்சித் தரேன் என்றும் சொல்லிவிட்டாள். சரி என்றேன். காஞ்சிபுரத்துப் பையனைப் பற்றி நான் எழுதினதை நீ மறந்துவிடு. யார் படித்தால் என்ன என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

இன்னும் ஒன்று கேட்டாள். அதைத்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மேடை வாசகத்தில் அந்த ரெண்டு வரியையும் எடுத்துவிடு. எங்கள் வீட்டுப் பெண்ணைப் போல என்பதும் வேண்டாம், கௌரவமாக நடத்துகிறோம் என்பதும் வேண்டாம். என் வாயால அத்த படிக்க வெக்காதீங்க டீச்சர், வேலைக்கு வந்தவ, பிழை பாத்தவன்னு போடுங்க, அது நெசம் என்றாள். அப்படியே போடு. என் பேரையும் போடாதே. 'ஔ' வருகிறதா என்று பார்க்க பௌர்ணமி என்று ஏதாவது எழுதிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது மார்த்தாள் அந்தத் தம்ளரைக் கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, என் பையிலேயே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அலமாரியில் நம்ம தம்ளர்களோடு சேர்த்து அடுக்கினேன். இன்று காலையில் பார்த்தால் அம்மா அதைக் கொண்டுபோய்க் கிணற்றடி மாடத்தில் வைத்திருக்கிறாள். திரும்ப எடுத்துக்கொண்டு வந்து உள்ளே வைத்தேன். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், அதில் இன்றைக்கு டீ ஊற்றினேன், குடிக்கக் கை வரவில்லை. ஊற்றினது ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. செல்லாயி ஒரு தடவை வாய் வைத்தது, அவ்வளவுதான்; இத்தனைக்கும் மார்த்தாள் தேய்த்துக் கழுவினது. இந்த லட்சணத்தில்தான் உன் அக்கா இருக்கிறாள். நீ என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. பதில் போடாமல் மட்டும் இருக்காதே.

'வெளியே'வைச் சரி பண்ணிச் சீக்கிரம் தாளை அனுப்பு. வந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு திருப்புலிவனம் போகிறேன். வழியில் எங்கேயும் தண்ணீர்கூடக் குடிக்காமல், தாகத்தோடேயே போகப் போகிறேன். மார்த்தாள் என்னை இன்னொரு தடவை டீ குடிக்கிறீங்களா என்று கேட்பாளோ மாட்டாளோ, தெரியவில்லை. நான் டீ குடிக்கிறதில்லை என்று சொன்னவளை யார்தான் திரும்பக் கேட்பார்கள்? நீ அங்கே எந்தச் சாமியைக் கும்பிடுவாயோ கும்பிடு, அவள் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்.

தலைகுனிந்து,
உன் அக்கா கனகா